மேடைக் காசும் பாட்டுக் காசும்: கொழும்பு ரொக் குழுவொன்று வருமானத்தைப் பங்கிடும் முறை

கொழும்பில் நாலைந்து பேர் சேர்ந்து ரொக் இசைக்குழு ஒன்றைத் தொடங்கும்போது, குழுவின் பெயரைப் பற்றியும் முதல் மேடைக்கான பாடல் வரிசையைப் பற்றியும் நாள்கணக்கில் விவாதிப்பார்கள்; காசைப் பற்றிய பேச்சை மட்டும் "முதலில் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைத்துவிடுவார்கள். நண்பர்களுக்குள் கணக்குப் பேசுவது முறையல்ல என்ற கூச்சமே இதற்குக் காரணம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரே பாடசாலையில் படித்து, ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். ஆனால் காசு கைக்கு வந்த பிறகு பேசினால், எந்த விதி தனக்கு எவ்வளவு தரும் என்பதை ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்கிட்டுக்கொண்டே பேசுவார். எது முறை என்பதை மட்டும் வைத்துப் பேசக்கூடிய காலம், கையில் ஒன்றும் இல்லாத காலம்தான். ஆகவே முதல் நிகழ்ச்சிக்கு முற்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, கீழே வருகிறவற்றைப் பேசி, எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வருமானத்தை முதலில் வகை பிரித்தல்

சண்டைகளில் பெரும்பாலானவை, வெவ்வேறு வழியில் வந்த காசையெல்லாம் ஒரே உண்டியலில் போட்டு ஒரே விகிதத்தில் பிரிக்க முயல்வதால் வருகின்றன. மேடையில் வாசித்ததற்கு வரும் கூலி வேறு; ஒரு பாடலை இயற்றியதால் ஆண்டுக்கணக்கில் வரும் வருமானம் வேறு; ஒருவர் தம் சொந்தக் காசில் வாங்கிய கருவியைக் குழுவுக்குக் கொடுப்பதால் அவருக்குச் சேர வேண்டியது வேறு; நிகழ்ச்சி தேடுவது, தொலைபேசியில் பேசுவது, கணக்கெழுதுவது போன்ற வேலைகளுக்கான கூலி வேறு. நான்கையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதினால், "நான்தானே பாட்டு எழுதினேன்" என்ற வாதம் திருமண மண்டபத்துக் கூலியைப் பிரிக்கும்போது எழாது. "நான்தானே ட்ரம்ஸ் கொண்டுவந்தேன்" என்பதும் பாடலின் உரிமையைப் பேசும்போது குறுக்கே வராது.

மேடைக் கூலியைப் பிரிக்கும் ஒழுங்கு

மேடைக் கூலியில் விகிதத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். எது முதலில் கழிகிறது, எது பிறகு கழிகிறது என்பதே அது. ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். பாடகர், கிற்றார், பேஸ், கீபோர்ட், ட்ரம்ஸ் என ஐந்து பேர் கொண்ட குழு, பம்பலப்பிட்டியில் ஒரு திருமண வரவேற்புக்கு 200,000 ரூபாவுக்குப் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வான் வாடகைக்கு 18,000, வெளியிலிருந்து அழைத்த ஒலிப்பொறியாளருக்கு 25,000, ஒத்திகை நாள் உட்பட உணவுக்கு 7,000 என்று 50,000 ரூபா செலவாகிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கழிக்கப்பட வேண்டியவை, மீதி 150,000. நிகழ்ச்சியைத் தேடிக்கொண்டுவந்தவருக்குப் பத்து வீதம் என்று குழு முடிவு செய்திருந்தால், அது இந்த மீதியிலிருந்து கணக்கிடப்பட்டு 15,000 ஆகும். எஞ்சும் 135,000 ரூபாவை ஐந்தாகப் பிரிக்காமல் ஆறாகப் பிரிக்க வேண்டும். ஆறாவது பங்கு குழுவின் பொது நிதிக்கு உரியது. ஒரு பங்கு 22,500 ரூபா.

தேடித் தந்தவருக்கான கொமிஷனை முழுத் தொகையிலிருந்து கணக்கிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கொழும்புக்குள் நடக்கும் நிகழ்ச்சியில் வேறுபாடு அதிகம் தெரியாது. தூர இடத்துக்குப் போகும்போது தெரியும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்தில் 300,000 ரூபாவுக்கு ஒரு நிகழ்ச்சி வந்து, வான், தங்குமிடம், ஒலியமைப்பு என்று 220,000 ரூபா செலவாகிவிட்டால் மீதி 80,000தான். முழுத் தொகையில் பத்து வீதம் என்றால் தேடித் தந்தவர் 30,000 ரூபாவை எடுத்துக்கொள்வார். மற்றப் பங்குகள் ஒவ்வொன்றும் 8,300 ரூபா அளவில் நிற்கும். மீதியில் பத்து வீதம் என்றால் அவருக்கு 8,000, ஒவ்வொரு பங்குக்கும் 12,000. முதல் முறையில், செலவு எவ்வளவு ஏறினாலும் அவருக்கு நட்டமில்லை என்பதால் செலவைக் குறைத்துப் பேச அவருக்குக் காரணமே இருக்காது. இரண்டாவது முறையில் எல்லோருடைய அக்கறையும் ஒரே பக்கம் இருக்கும். அவரும் குழுவில் ஒருவராக இருந்தால் தம் சாதாரணப் பங்கையும் பெறுவார். கொமிஷன் அதற்கு மேலதிகம்.

கழிவு கொடுப்பது பற்றியும் இங்கேயே ஒரு விதி வேண்டும். ஒருவர் தம் மைத்துனரின் திருமணத்துக்கோ அலுவலக மேலாளரின் விருந்துக்கோ "கொஞ்சம் குறைத்துச் செய்து தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்தால், அந்தக் குறைவு அவருடைய பங்கிலிருந்தே கழிய வேண்டும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மற்ற நால்வரின் கூலியைக் கொண்டு ஒருவர் தம் உறவுக்காரரிடம் நல்ல பெயர் வாங்குவதில் நியாயம் எதுவும் இல்லை. பழைய மாணவர் சங்க விழா, கோயில் திருவிழா, நிதி திரட்டும் நிகழ்ச்சி ஆகியவற்றுக்குக் கூலி வாங்காமல் போவதானால், போகிற எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றும், வான், ஒலி, உணவு ஆகிய மூன்றின் செலவையாவது ஏற்பாட்டாளர் ஏற்க வேண்டும் என்றும் எழுதி வைப்பது நல்லது. ஒருவர் மறுத்தால் அவர் இல்லாமல் மற்றவர்கள் போகலாம். அவர்மீது மனத்தாங்கல் கொள்ளக் கூடாது.

மேடையில் விருந்தினர் பாடகரின் கையில் திணிக்கும் ஐயாயிரம் ரூபாத் தாள், கூலியோடு சேர்ந்து பொதுவில் விழ வேண்டுமா, அவருக்கே உரியதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். பொதுவில் விழ வேண்டும் என்பதே என் கருத்து. ட்ரம்ஸ் வாசிப்பவர் மேடையின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவரிடம் யாரும் காசு கொடுக்க வருவதில்லை; அது அவருடைய வாசிப்பின் குறையல்ல.

பாடகருக்குக் கூடுதல் பங்கா

எந்தக் குழுவிலும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். மக்கள் பாடகரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று பாடகரோ, அவருடைய வீட்டாரோ சொல்லத் தொடங்குவார்கள். அது சில குழுக்களில் உண்மையாகவும் இருக்கும். சமபங்குதான் நியாயம் என்று எல்லாக் குழுவுக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒருவருடைய பெயரைச் சொல்லித்தான் நிகழ்ச்சி விற்கிறது என்றால், அவருக்கு ஒன்றரைப் பங்கு என்று வெளிப்படையாக எழுதிக்கொள்வதில் தவறில்லை. பாடகருக்கு ஒன்றரை, மற்ற நால்வருக்கும் பொது நிதிக்கும் ஒவ்வொன்று என்றால் மொத்தம் ஆறரைப் பங்கு. மேலே சொன்ன 135,000 ரூபாவில் ஒரு பங்கு ஏறத்தாழ 20,770, பாடகருக்கு ஏறத்தாழ 31,150. இந்த எண்களை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசித்துப் பார்த்து, எல்லோரும் ஒப்புக்கொண்டால் அது நியாயமான பங்கீடுதான். மற்றவர்களுக்குத் தெரியாமல் ஏற்பாட்டாளரிடமிருந்து பாடகர் தனியாக ஓர் உறை வாங்கினால், அதில் நூறு ரூபா இருந்தாலும் அது நியாயமல்ல.

எழுதாமல் விட்ட விகிதம் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கில ரொக் வரலாற்றில் தெளிவான வழக்கு ஒன்று உண்டு. மான்செஸ்டரைச் சேர்ந்த த ஸ்மித்ஸ் குழுவில், ஒலிப்பதிவு, மேடை வருமானங்களில் பாடகர் மொரிஸ்ஸிக்கும் கிற்றார் வாசித்த ஜொனி மாருக்கும் தலா 40 வீதமும், பேஸ் வாசித்த அன்டி ரூர்க்குக்கும் ட்ரம்ஸ் வாசித்த மைக் ஜொய்ஸுக்கும் தலா 10 வீதமும் போய்க்கொண்டிருந்தன. குழு 1987 இல் கலைந்தது. தாம் சமமான பங்காளி என்று ஜொய்ஸ் தொடுத்த வழக்கில், 1996 இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு 25 வீதம் உரியது என்று தீர்ப்பளித்தது. வேறு உடன்பாடு இருந்ததாக நிரூபிக்கப்படாத நிலையில் பங்காளிகள் இலாபத்தில் சமபங்குக்கு உரியவர்கள் என்று கூறும் 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டமே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ரூர்க் அதற்கு முன்பே ஒரு தொகைக்குச் சமரசமாகப் போயிருந்தார்.

இதற்கும் கொழும்பின் காலி வீதியில் ஒத்திகை பார்க்கும் குழுவுக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். பங்குடைமை விடயத்தில் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்று 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் கூறுவதால், அந்தச் சமபங்கு விதி இலங்கைக்கும் பொருந்தும். ஆனால் இங்கே இன்னொரு முடிச்சும் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனத்தைக் கொண்ட பங்குடைமையை நிறுவும் உடன்படிக்கை எழுத்தில் இருந்து கையெழுத்திடப்பட்டிருக்க வேண்டும். நல்ல கிற்றார் கம்பித் தொகுதி ஒன்றுகூட இன்று அந்தத் தொகைக்குள் அடங்காது. ஆகவே எழுதி வைக்காத கொழும்பு ட்ரம்ஸ் கலைஞருக்கு ஜொய்ஸுக்குக் கிடைத்த பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தாம் பங்காளி என்பதை நிறுவும் முதற்படியிலேயே அவர் தடுக்கி விழலாம். வாய்ப்பேச்சு நட்புக்குப் போதும், நீதிமன்றத்துக்குப் போதாது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் இல்லை.

பாடலின் உரிமை

திருமண மண்டபங்களில் சினிமாப் பாடல்களை மட்டும் வாசிக்கும் குழு இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சொந்தப் பாடல் இயற்றும் குழுவுக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏனென்றால் மேடைக் கூலி ஒரே இரவில் முடிந்துபோகும். பாடலின் உரிமை, இயற்றியவர் இறந்த பிறகும் வாழும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் பொருளாதார உரிமை, ஆக்கியவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகிறது. பலர் சேர்ந்து ஆக்கியதானால் அவர்களில் கடைசியாக இறப்பவரிலிருந்து 70 ஆண்டுகள் கணக்கிடப்படும். உரிமை பிறப்பதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஒலிப்பதிவில் வாசித்த, பாடிய கலைஞர்களுக்கு வேறாக 50 ஆண்டு உரிமை உண்டு. ஆகவே ஒரு பாடலில் ஒன்றும் இயற்றாத பேஸ் கலைஞருக்கும் அந்த ஒலிப்பதிவில் ஓர் உரிமை இருக்கிறது. பாடலை இயற்றியவர் அதில் வாசிக்காவிட்டாலும் பாடலின்மீது அவருக்கு உரிமை இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது.

இயற்றிய உரிமையைப் பிரிக்க உலகக் குழுக்கள் பல வழிகளைப் பின்பற்றியிருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். குழு, யார் எழுதினாலும் நால்வர் பெயரையும் சேர்த்தே போட்டது. குயீன் குழு பல ஆண்டுகள் எழுதியவர் பெயரைத் தனியாகப் போட்டுவந்து, 1989 இல் வெளியான தொகுப்பிலிருந்து பாடல்களைக் குழுவின் பொதுப் பெயரில் வெளியிட்டது. எந்தப் பாடலைத் தனிவட்டாக வெளியிடுவது என்ற தீர்மானத்தில் யாருடைய பொக்கற்றும் குறுக்கே நிற்காமல் போனது அதன் பயன். சமமாகப் போடும் முறையில் அமைதி கிடைக்கும், ஆனால் இரவிரவாக இருந்து எழுதுபவர் சில ஆண்டுகளில் சோர்ந்துபோவார். எழுதியவருக்கு மட்டும் என்ற முறையில் எழுதாதவர்கள், தங்கள் வாசிப்பால்தானே பாட்டு நின்றது என்று உள்ளே புழுங்குவார்கள்.

அந்தப் புழுக்கம் நீதிமன்றம் வரை போனால் என்ன நடக்கும் என்பது எளிதில் ஊகிக்க முடியாதது. 1967 இல் புரொகோல் ஹாரம் குழு வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற ஒரு பாடலுக்கு ஓர்கன் வாசித்த மத்தியூ ஃபிஷர், தாம் வாசித்த ஓர்கன் மெட்டு பாடலின் பகுதியே என்று 2005 இல் வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு தாமதத்தையும் தாண்டி, இசையின் உரிமையில் 40 வீதம் அவருக்கு உரியது என்பதைப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை 2009 இல் உறுதிசெய்தது. ஆனால் 1999 இல் ஸ்பன்டாவ் பலே குழுவின் மூன்று உறுப்பினர்கள், பாடல்களை எழுதிய கரி கெம்பிடம் எழுத்துரிமை வருமானத்தில் பங்கு கேட்டுத் தோற்றார்கள்; ஏற்கெனவே இயற்றப்பட்ட பாடலைச் சிறப்பாக வாசிப்பது இயற்றுவதாகாது என்று நீதிமன்றம் கொண்டது. வாசிப்பு எந்த இடத்தில் இயற்றலாக மாறுகிறது என்ற கோட்டை நீதிபதி வரைவதைவிட, ஒத்திகை அறையில் நீங்களே வரைந்துகொள்வது மலிவு.

நான் பரிந்துரைப்பது இடைப்பட்ட முறை. பாடலின் உரிமையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வரிகளையும் மெட்டையும் உண்மையில் இயற்றியவர்களுக்கு ஒதுக்குங்கள்; மற்றப் பாதியை, அந்தப் பாடலை ஒத்திகையில் உருவாக்கிய எல்லோருக்கும் சமமாகப் பிரியுங்கள். ஐவர் குழுவில் ஒருவரே வரியும் மெட்டும் இயற்றினால் அவருக்கு 60 வீதம், மற்ற நால்வருக்கும் தலா 10 வீதம் வரும். தமிழ்ப் பாடலில் வரிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதால், வரிகளை வெளியார் ஒருவர் எழுதித் தந்தால் அவருடைய பங்கை இயற்றியவர்களின் பாதிக்குள்ளேயே சேர்க்க வேண்டும்; நண்பர்தானே என்று பெயர் மட்டும் போட்டு விட்டுவிடக் கூடாது. எந்த முறையானாலும், பொருளாதார உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்பதால், ஒவ்வொரு பாடலும் முடிவடைந்த அன்றே அதன் பெயர், திகதி, யார் யாருக்கு எத்தனை வீதம் என்பவற்றை ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாடல் பிரபலமான பிறகு நினைவுகள் மாறிவிடும்.

இணையத்திலிருந்து வரும் காசைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் தொடக்கத்தில் அது மிகவும் சிறியது. 2024 முதல் ஸ்பொட்டிஃபை, முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு வருமானம் கணக்கிடுவதில்லை. யூடியூப் விளம்பர வருமானம் 100 டொலரை எட்டும்வரை கணக்கிலேயே கிடக்கும். ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செலவழித்தது யாரோ அவருக்கு அது முழுமையாகத் திரும்பும்வரை இந்த வருமானம் போகட்டும். அதன் பிறகு ஒலிப்பதிவுக்கு உரிய பகுதியைச் சமமாகவும், இயற்றலுக்கு உரிய பகுதியை மேற்சொன்ன தாளின்படியும் பிரியுங்கள். குழுவின் கணக்கு எவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலிலும் திறக்கப்படாமல் இருந்தால் போதும்.

கருவியும் மாற்றுக் கலைஞரும்

கிற்றார் வாசிப்பவர் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரலாம். ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு அது முடியாது. ஒலிபெருக்கிகளையும் மிக்சரையும் ஒருவரே வாங்கி வைத்திருந்தால், அவருடைய முதலீட்டில்தான் மற்றவர்கள் உழைக்கிறார்கள். கருவிக்கு ஒரு கூலி கொடுப்பதே நேரான வழி. 300,000 ரூபாவுக்கு வாங்கிய கீபோர்ட் நூறு நிகழ்ச்சி உழைக்கும் என்று கணித்தால் நிகழ்ச்சிக்கு 3,000 ரூபா. இதை வான் வாடகையைப் போலவே முதற்செலவில் சேர்க்க வேண்டும். நூறு நிகழ்ச்சி முடிந்ததும் கூலி நின்றுவிடும். ஒலியமைப்புக்கு, வெளியில் வாடகைக்கு எடுத்தால் கொடுக்க வேண்டியதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். 2022 மார்ச் மாதத்துக்குப் பின் சில மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, இறக்குமதியாகும் கம்பி, ட்ரம்ஸ் தோல், கேபிள் எல்லாவற்றின் விலையும் கூடவே ஏறியது. அப்போது பழைய விலையிலேயே கருவிக்கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நட்டப்பட்டார்கள். ஆகவே கருவிக்கூலியை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும் விதியும் வேண்டும்.

குழுவின் உறுப்பினர் ஒருவர் வர முடியாதபோது அழைக்கப்படும் மாற்றுக் கலைஞருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே பேசிய ஒரே தொகையைக் கொடுக்க வேண்டும். அது அன்றைய பங்கைவிடக் கூடுதலாக இருந்தாலும், குறைவாக இருந்தாலும் மாறாது. ஏற்பாட்டாளர் காசு தராமல் இழுத்தடித்தாலும் மாற்றுக் கலைஞருக்கு அன்றிரவே கொடுத்துவிட வேண்டும். குழுவின் ஆபத்தில் அவருக்குப் பங்கில்லை. கொழும்பில் கீபோர்ட், ட்ரம்ஸ் கலைஞர்கள் மூன்று நான்கு குழுக்களுக்கு மாறி மாறி வாசிப்பது வழக்கம் என்பதால், யார் காசை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள் என்ற செய்தி வேகமாகப் பரவும். வராத உறுப்பினருக்கு அன்றைய மேடைப் பங்கு இல்லை. பொது நிதியிலும் பாடலிலும் அவருக்குள்ள உரிமை அப்படியே இருக்கும்.

பொது நிதி

ஆறாவது பங்கை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதைக் கொழும்பின் நாட்காட்டியே சொல்லும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் குறைந்துவிடும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்களில் மதுபானம் விற்கப்படுவதில்லை என்பதால் ஹோட்டல் நிகழ்ச்சிகள் குறையும். டிசம்பரில் நிறுவன விருந்துகளும் 31 ஆம் திகதி இரவும் சேர்ந்து ஒரே மாதத்தில் குவியும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்ட பிறகும் நிகழ்ச்சிகள் ஒரேயடியாக நின்றன. அந்த நிலையில், வாங்கிய முற்பணத்தைப் பங்கிட்டுச் செலவழித்துவிட்ட குழு அதைத் திருப்பிக் கொடுக்க எங்கே போகும்? எனவே முற்பணத்தை ஒருபோதும் நிகழ்ச்சிக்கு முன் பங்கிட வேண்டாம். அது நிதியிலேயே இருக்கட்டும். ஒத்திகை அறை வாடகை, கருவி வாங்குதலும் திருத்தமும், ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் மட்டுமே நிதியைச் செலவழியுங்கள். ஆறு மாத ஒத்திகை வாடகைக்குச் சமமான தொகை சேர்ந்ததும், மேலதிகத்தைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். அளவில்லாமல் வளரும் நிதி, அளவில்லாத சந்தேகத்தையும் வளர்க்கும்.

கணக்கைக் காட்டும் முறை

பெரும்பாலான குழுக்களில் வயதில் மூத்தவர் ஒருவர் கணக்கைப் பார்ப்பார். மற்றவர்கள் அவரை அண்ணா என்று அழைப்பார்கள். அண்ணாவிடம் கணக்குக் கேட்பது நம் வழக்கத்தில் எளிதல்ல. கேட்டால் நம்பிக்கையில்லை என்று பொருள்படும், கேட்காவிட்டால் மனதுக்குள் கிடந்து அரிக்கும். ஆகவே யாரும் கேட்காமலே கணக்கு முன்னால் வருமாறு விதி இருக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மூன்று நாள்களுக்குள், வந்த தொகை, செலவுகள், அவற்றின் பற்றுச்சீட்டுப் படங்கள், ஒவ்வொருவருக்கும் அனுப்பிய தொகை ஆகியவற்றை எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கணக்குத்தாளில் ஏற்றி, குழுவின் வட்ஸ்அப்பில் ஒரு வரியில் அறிவித்துவிட வேண்டும். ஏற்பாட்டாளருடன் பேசிய விலை எழுத்தில் இருந்தால், அந்தச் செய்தியையும் சேர்த்துப் போடுங்கள். கணக்குப் பார்ப்பவருக்கு இது பாரம் என்பதால் அவருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பது முறை. இலவசமாகச் செய்பவரிடம் தாமதத்தைக் கேட்க முடியாது.

வங்கிக் கணக்கு இருவரின் கையெழுத்தில் இயங்குவதே நல்லது. குழுவின் பெயரில் கணக்குத் திறக்க வங்கி வியாபாரப் பெயர்ப் பதிவைக் கேட்கும். அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அதுவரை ஒருவருடைய சொந்தக் கணக்குக்கே காசு வருவதானால், வரி ஆண்டான ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை வந்த முழுத் தொகையும் அவருடைய தனி வருமானமாகத் தோன்றும் என்பதை மறக்க வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையிலான தனியாள் வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. ஐந்து பேரின் கூலி ஒருவர் பெயரில் குவிந்தால் அந்த எல்லையை அவர் மட்டும் தாண்டக்கூடும். மற்றவர்களுக்கு அனுப்பிய தொகைகளைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, பதிவு வைத்திருப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

நிறுவன நிகழ்ச்சிகளில் காசோலை ஒன்றரை மாதம் கழித்து வருவது சாதாரணம். அதற்கிடையில் ஒருவருக்கு அவசரத் தேவை வந்தால் நிதியிலிருந்து அவருடைய பங்கில் பாதி வரை முன்னதாகக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், கணக்குப் பார்ப்பவர் தயவுக்காக எவரும் தனியாகப் பேச வேண்டியிருக்காது.

எழுத்து எப்படி இருக்க வேண்டும்

உடன்படிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை, சட்ட மொழியும் தேவையில்லை. கொழும்புக் குழுக்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் கலந்திருப்பது வழக்கம். ஆகவே எல்லோரும் வாசித்து விளங்கக்கூடிய மொழியில், வேண்டுமானால் இரு மொழியில், எழுதுங்கள். "செலவுகளும் கருவிக்கூலியும் கழிந்த பின் எஞ்சுவதில் பத்து வீதம் நிகழ்ச்சியைத் தேடித் தந்தவருக்கு, மீதி ஆறு சம பங்கு, அதில் ஒன்று பொது நிதிக்கு" என்பது போன்ற வாக்கியங்களே போதும். அதன் கீழே, மேலே காட்டியதைப் போன்ற ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். வாக்கியத்தை இருவர் இருவிதமாக வாசிக்கலாம், கணக்கை அப்படி வாசிக்க முடியாது. விதியை மாற்ற எத்தனை பேரின் சம்மதம் வேண்டும் என்பதையும், மாற்றம் அடுத்த நிகழ்ச்சியிலிருந்தே செல்லும், பழையதைத் தொடாது என்பதையும் எழுதுங்கள். பெருந்தொகை புரளத் தொடங்கினால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

ஒருவர் விலகும்போது

நம் குழுக்களில் விலகுதல் பெரும்பாலும் கோபத்தில் நடப்பதில்லை. விசா வந்ததால் நடக்கிறது. கனடாவுக்கோ மெல்பேர்னுக்கோ போகிறவர், புறப்படும் வாரத்தில் கணக்குப் பேச நேரமில்லாமல் போய்விடுவார். பிறகு கடல் கடந்த மனத்தாங்கலாக அது நீளும். ஆகவே விலகும் நாளில் பொது நிதியில் உள்ள தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து அவருடைய பகுதியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் மூன்று தவணையில் கொடுக்கலாம். பொது நிதியில் வாங்கிய கருவி குழுவிடமே இருக்கும். அதன் அன்றைய பெறுமதியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர் இயற்றிய பாடல்களில் அவருக்குள்ள வீதமும், வாசித்த ஒலிப்பதிவுகளில் அவருக்குள்ள பங்கும் மாறாது. குழு அந்தப் பாடல்களை மேடையில் தொடர்ந்து வாசிக்கலாம் என்ற அனுமதியை அவரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். குழுவின் பெயர் எஞ்சியிருப்பவர்களுடையது. எல்லோரும் கலைந்தால், அனைவரின் சம்மதமும் இல்லாமல் எவரும் அந்தப் பெயரில் மேடை ஏறக் கூடாது. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் மேடையிலிருந்தே சமமான கூலியைக் கொடுங்கள். பொது நிதியில் அவருக்கு உரிமை, அவர் சேர்ந்த நாளுக்குப் பிறகு நிதிக்கு வந்த தொகையில் மட்டும் தொடங்கும். அவர் சேரும் நாளில் நிதியில் எவ்வளவு இருந்தது என்பதைக் கணக்குத்தாளில் தனி வரியாகக் குறித்து, அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.